மஞ்சக் கடுதாசியில் எழுதாமல் விட்ட பெயர்

போன மாதம் நீலகிரி எமரால்டு பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். கேரட்டும் பூண்டும் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன். நான் வேலை பார்க்கும் கேரட் கழுவும் ஷெட்டுக்கு வெளியே நின்று, மெஷின் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டான்: “அண்ணா, நீங்க ஐ.பி. போட்டவர்தானே? வீட்டை அம்மா பேருக்கு மாத்தி எழுதிட்டு நானும் போட்டுடலாம்னு இருக்கேன். எவ்வளவு செலவாகும்?”

ஐ.பி. என்றால் கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு, ஊர்ப் பேச்சில் மஞ்சக் கடுதாசி. கேள்வியிலேயே கோளாறு இருந்தது. ஆனால் அவனைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியை, இதே வரிசையில்தான் வக்கீலிடம் கேட்டேன். அன்று டீக்கடையில் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முத்தோரை பாலாடாவில் பதினோரு வருடம் உரக்கடை வைத்திருந்தேன். உரக்கடை என்றால் உரம் விற்பது பாதி, கடன் கொடுப்பது மீதி. விதையும் உரமும் மருந்தும் வாங்கிய அன்றைக்கே யாரும் காசு தர மாட்டார்கள். கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு போய், மண்டிக்காரர் கொடுத்த முன்பணத்தைப் பிடித்தது போக மிச்சம் ஏதாவது கையில் நின்றால்தான் என் கடை ஞாபகம் வரும். அதற்கு மூன்றரை, நாலு மாதம் ஆகும். எனக்குச் சரக்கு போடும் டீலர்களோ 45 நாளில் பணம் கேட்பார்கள். இந்த இடைவெளியை வட்டிப் பணத்தை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். மழை ஒழுங்காகப் பெய்த வரைக்கும் வண்டி ஓடியது.

2019 ஆகஸ்ட் மழையை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. என் நோட்டில் பாக்கி வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பயிர் மட்டுமல்ல, பயிர் நின்ற மேல்மண்ணே போய்விட்டது. அவர்கள் மறுபடி பாத்தி கட்டி எழுந்திருக்கும் நேரத்தில் 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. மழையையும் ஊரடங்கையும் மட்டும் குறை சொன்னால் கதை பாதிதான். 2018-இல் தேவையில்லாமல் ஒரு பிக்கப் வண்டி எடுத்தேன். கழிவு அதிகம் என்று தெரிந்தும் சீட்டை முன்கூட்டியே எடுத்தேன். மூழ்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் தெரிந்த பிறகும், 2020 டிசம்பரில் இன்னொரு லோடு சரக்கைக் கடனுக்கு இறக்கினேன். இந்தக் கடைசி லோடு பின்னால் கோர்ட்டில் வந்து என் கழுத்தைப் பிடித்தது. 2021 ஜனவரியில் ஷட்டரை இறக்கினேன்.

முதலில் சட்டம் எது என்பதிலேயே எனக்குக் குழப்பம். யூடியூபில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் 2016-இல் வந்த திவால் சட்டத்தைப் பற்றியவை. அதில் சின்னக் கடனாளிகளுக்குக் கடனைத் துடைத்துவிட்டுப் புதுசாகத் தொடங்க ஒரு வழி இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். வக்கீலம்மா சிரித்தார். சட்டப் புத்தகத்தில் அந்தப் பகுதி இருக்கிறதாம், ஆனால் தனிநபர்களுக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும், அதுவும் இந்தப் புதுத் தொடக்க வழி நீங்கலாக, தனிநபர் திவால் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. என்னைப் போன்ற கடைக்காரனுக்கும் விவசாயிக்கும் சம்பளக்காரருக்கும் இன்றும் 1920-ஆம் வருடத்து மாகாண திவால் சட்டம்தான். தமிழ்நாட்டில் சென்னை நகரத்துக்கு மட்டும் அதைவிடப் பழசு, 1909. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்பது அதில் வரும் தொகைகளைப் பார்த்தாலே தெரியும். 500 ரூபாய் கடன் இருந்து அதைக் கட்ட முடியவில்லை என்றால் திவால் மனு கொடுக்கலாம். 500 ரூபாயை இன்று யாரும் கடன் என்றே எண்ண மாட்டார்கள்.

இன்னொரு தப்பெண்ணம், மனு கொடுத்த அன்றே கடன் தீர்ந்துவிடும் என்பது. எங்கள் ஊரில் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்று சொல்லும்போது, ஏதோ கையை விரித்துக் காட்டிவிட்டு நடந்துபோய்விட்டதைப் போல ஒரு தொனி இருக்கும். நடப்பது வேறு. மனுவுக்குப் பிறகு கடன் கொடுத்த எல்லோருக்கும் நோட்டீஸ் போகும். அவர்கள் முன்னிலையில் நம்மை விசாரிப்பார்கள். கோர்ட் ஏற்றுக்கொண்டால் நம்மைத் திவாலானவர் என்று அறிவிக்கும். அந்த நிமிடம் நம் சொத்தெல்லாம் கோர்ட் கைக்கு அல்லது கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போய்விடும். அவர் விற்று, வசூலித்து, எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். இதெல்லாம் ஆன பிறகு, கோர்ட் சொல்லும் கெடுவுக்குள் நாமாக விண்ணப்பித்து ‘விடுவிப்பு’ உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை கழுத்தில் கயிறு இருக்கிறது என்றே அர்த்தம். (எனக்கு வந்த தாள்கள் எல்லாமே வெள்ளைதான், மஞ்சளாக ஒன்றும் வரவில்லை.)

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு மாடியில் வக்கீலம்மாவின் ஆபீஸ். முதல் நாளே நாலு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். ஒன்றில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்கள் விலாசம். இரண்டாவதில் எனக்கு என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன பெறும். மூன்றாவதில் எனக்கு யார் தர வேண்டும். நாலாவதில் கடந்த இரண்டு வருடத்தில் எதை விற்றேன், எழுதிக் கொடுத்தேன், யாருக்குத் திருப்பிக் கட்டினேன். “வீட்டுல உக்காந்து நிதானமா எழுதிட்டு வாங்க. கேஸுங்கிறது இந்த நாலு தாள்தான், மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்” என்றார்.

மூன்றாவது தாள்தான் எனக்கு முதலில் நெஞ்சைப் பிசைந்தது. என் பற்று வரவு நோட்டில் வர வேண்டியது மட்டும் 22 லட்சம் இருந்தது. அதில் 2 லட்சத்து 80 ஆயிரம் என் சின்ன மாமனார் தர வேண்டியது. குத்தகை நிலத்தில் கேரட் போட்டு மழையில் எல்லாவற்றையும் இழந்தவர். அவர் பெயரை எழுதினால் ரிசீவர் அவருக்கு நோட்டீஸ் அனுப்புவார். என் வீட்டுக்காரி பெற்றோரை விட அவரிடம்தான் வளர்ந்தவள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, நோட்டில் அவர் கணக்கு இருந்த தாளை ஸ்கேல் வைத்துச் சுத்தமாகக் கிழித்தேன். கிழித்த சுவடே தெரியாதபடி ஓரத்தை நகத்தால் நீவிவிட்டேன். திருப்தியாக இருந்தது.

மறுநாள் நோட்டை நானேதான் வக்கீலம்மாவிடம் நீட்டினேன். சிவப்புத் துணி ஒட்டிய, நூலால் தைத்த நீள நோட்டு. அவர் விரித்ததும் நடுவிலிருந்து ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்தது. நான் அவசரமாகக் குனிந்து எடுத்து, “பழைய நோட்டுங்க, கழண்டுடுச்சு” என்றேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பக்கம் 77, 78. பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். 66-க்கு அடுத்து 69 வந்தது.

தையல் நோட்டில் இரண்டு இரண்டு தாளாக ஒரே காகிதம். ஒன்றைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடும். பதினோரு வருடம் அப்படிப்பட்ட நோட்டில் எழுதியவனுக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. “67, 68 எங்கேங்க?” என்று மட்டும் கேட்டார். கோபம் எல்லாம் இல்லை, பல்லில் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பதைப் போல.

கிழித்தேனே தவிர எரிக்க மனசு வரவில்லை. ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கணக்குப் புத்தகத்தை முழுசாக ஒப்படைப்பது திவால் மனு கொடுத்தவரின் கடமை. மோசடி நோக்கத்தோடு அதை மறைத்தாலோ அழித்தாலோ, பொய்க் கணக்கு எழுதினாலோ ஒரு வருடம் வரை சிறை. “உங்க மாமனாருக்கு நீங்க உதவி பண்ணலைங்க. அவர் கடனை நீங்க மறைச்சா, அவரையும் அதுல கூட்டாளி ஆக்குறீங்க” என்றார். தாளை எடுத்து வந்து செல்லோடேப் போட்டு ஒட்டினோம். ஒட்டிய காரணத்தையும் ரிசீவரிடம் பிறகு வாயாலேயே சொன்னேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தது. கொடுத்த கடனை வழக்குப் போட்டு வசூலிக்க பொதுவாக மூன்று வருடம்தான் காலம். நடுவில் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கொஞ்சம் கட்டிய விவரம் அவர் கைப்பட இருந்தாலோ கெடு புதுசாகத் தொடங்கும். சின்ன மாமனார் கையெழுத்து எதுவும் போடவில்லை. சொந்தக்காரரிடம் யார் கையெழுத்துக் கேட்பார்கள்? ஆகவே ரிசீவர் அவரிடம் கேட்க முடிந்தது கடைசி 60 ஆயிரம் மட்டும். அதையும் ஆறு தவணையாகக் கட்டினார். நான் ஜெயிலுக்குப் போகத் துணிந்து காப்பாற்ற நினைத்த 2 லட்சத்து 80 ஆயிரத்தில் 2 லட்சத்து 20 ஆயிரத்தைச் சட்டமே காப்பாற்றி வைத்திருந்தது. என் 22 லட்சத்திலும் கடைசியில் வசூலானது 3 லட்சத்துச் சொச்சம்தான். கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே நோட்டை எடுத்துப் பாக்கிக்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது நாலாவது தாள். கேத்தி பக்கம் ஆறு சென்ட் மனை இருந்தது. நெருக்கடி தெரிய ஆரம்பித்ததும், மனு கொடுப்பதற்குப் பதினாலு மாதம் முன்னால் அதை மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டேன். எனக்கு அப்போது அது குடும்பத்தைக் காப்பாற்றும் புத்திசாலித்தனம். சட்டம் அதை வேறு மாதிரிப் பார்க்கிறது. மனு கொடுத்த தேதிக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள், உண்மையான விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தை ரிசீவர் கேட்டால் கோர்ட் ரத்து செய்யலாம். மறைக்கவும் வழியில்லை. வில்லங்கச் சான்றிதழை இன்று பதிவுத் துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். டீலரின் வக்கீல் அதைப் பிரிண்ட் எடுத்தே வைத்திருந்தார். நல்லவேளை, நாங்கள் மனுவிலேயே சொல்லியிருந்தோம். எமரால்டுத் தம்பிக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான்: “வீட்டை மாத்தி எழுதுறதா இருந்தா ஐ.பி. பேச்சை விடு. ஐ.பி. போடுறதா இருந்தா வீட்டைத் தொடாதே.”

மனை விற்றபோது என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் உப்புமா மட்டும் கிண்டினாள்.

பிக்கப் வண்டியை விற்ற கதையும் அதே தாளில்தான். மனுவுக்கு இரண்டு மாதம் முன்னால் வண்டியை விற்று ஒன்றரை லட்சத்தை அப்படியே என் மச்சானிடம் கொடுத்தேன். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தவன், வீட்டுக்கு வந்து போகிறவன், அவனுக்கு முதலில் தருவதுதானே முறை? முறைதான், ஆனால் கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கொடுத்தால் அதையும் திரும்பக் கேட்கலாம். கேட்டார்கள். மச்சான் திருப்பிக் கட்டினான். ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறான், ஆனால் பணம் என்ற சொல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

இவ்வளவு ஆன பிறகும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. எல்.ஐ.சி. பாலிசி ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். வக்கீலம்மா கடைசி முறை கேட்டபோதுதான் வாயிலிருந்து வந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆயுள் காப்பீட்டுப் பணம், பி.எஃப்., உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், மதவழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, இவற்றையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவே சொல்கிறது. அதாவது சொன்னால் பாலிசி நம்மிடமே இருக்கும். சொல்லாமல் விட்டால் சொத்தை மறைத்தவன் என்ற பெயர் வரும். விலக்கு உள்ளதையும் எழுதிவிட்டு, ‘இது விலக்கு’ என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து பலர் இந்த இடத்தில்தான் வீணாக மாட்டிக்கொள்கிறார்கள்.

வட்டிக்காரர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அவர்கள் பெயரையும் எழுதத்தான் வேண்டும். கையில் வாங்கிய தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, அவர்கள் கேட்பது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினோம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் தமிழ்நாட்டில் 2003-ஆம் வருடச் சட்டப்படி தண்டனைக்குரியவை. அந்த மூன்று தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்ததும் அவர்களில் இருவர் கோர்ட் பக்கமே வரவில்லை.

ஆக, மொத்தக் கடன் 40 லட்சத்து 60 ஆயிரம் என்று மனு தாக்கலானது. இதில் 14 லட்சம் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பேங்க் கடன். எல்லாவற்றையும் கக்கிவிட்டேன் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். ஊருக்குள் பதிவுத் தபால்கள் போக ஆரம்பித்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலை. கேரட் அறுவடைக்கு ஆள் கூட்டி வரும் ஒரு அக்கா உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்குகிற கூட்டத்துக்குத் தலைவி. வேலை முடிந்து, முழங்கால் வரை சேறோடு, என் வாசலில் வந்து நின்றார். “உள்ள வாங்கக்கா” என்றேன். வரவில்லை.

“எல்லாருக்கும் தபால் வந்துச்சாமே தம்பி. எனக்கு வரலியே. நான் குடுத்தது கடன்ல சேத்தி இல்லியா?”

2020 தீபாவளிச் சமயம் டீலர் கழுத்தை நெரித்தபோது, அந்த அக்கா மகளிர் குழுவில் கடன் எடுத்து 40 ஆயிரம் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை. ஒரு மாதத்தில் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். காகிதம் எதுவும் கிடையாது. குழுவுக்கு அவர்தான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார், கூலியிலிருந்து.

பட்டியலில் முப்பது பேரை எழுதினேன். டீலர், பேங்க், சீட்டு, மளிகைக்கடை, பால்காரர் வரைக்கும். அந்த அக்கா பெயரை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பேனா அந்த இடத்துக்கு வந்தது. கூலிக்காரியிடம் கை நீட்டினான் என்று கோர்ட்டில் படிப்பார்களே என்று இருந்தது. தனியாக எப்படியாவது கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். மாமனார் கணக்கைக் கிழித்தது பாசம், மனையை எழுதிக் கொடுத்தது பயம். இதற்கு என்ன பெயர் வைப்பது? வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வெட்கத்துக்கு விலை கொடுத்தது நானல்ல. பட்டியலில் இல்லாதவருக்கு நோட்டீஸ் போகாது. வசூலாகும் பணத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று கேட்க அவருக்குத் தெரியாது. எனக்கு விடுவிப்பு கிடைத்ததும் அவர் கடன் எழுத்தில் எங்கேயும் இல்லாமல் கரைந்திருக்கும்.

அன்றைக்கே வக்கீலம்மாவிடம் ஓடினேன். திருத்த மனு போட்டோம். 31-ஆவது பெயர் சேர்ந்தது, மொத்தம் 41 லட்சம் ஆனது. சீட்டுக் கடனுக்கு நேராக, எனக்கு ஜாமீன் போட்ட நண்பரின் பெயரையும் அப்போதுதான் குறித்தோம். அவர் பாவம், நான் திவாலானாலும் அவர் பொறுப்பு தீராது. எனக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஜாமீன்தாரரை விடுவிப்பதில்லை. அவர் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்த பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகாரப் போக்குவரத்து நின்றுவிட்டது.

விசாரணை அன்று டீலரின் வக்கீல் அந்தத் திருத்த மனுவைத்தான் முதலில் கையில் எடுத்தார். “ஒருத்தரை மறைச்சவர் இன்னும் எதை மறைச்சிருக்காரோ?” என்றார். ஜட்ஜ் என்னைப் பார்த்து, முதலில் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். வீட்டில் இரண்டு மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், “வெட்கமா இருந்துச்சுங்க ஐயா” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் அந்த டிசம்பர் லோடு. அதை வாங்கும்போது திருப்பித் தர முடியும் என்று நம்பினீர்களா என்று கேட்டார்கள். முழுசாக நம்பவில்லை என்றேன். வக்கீலம்மா முகம் சுருங்கியது. ஆனால் நோட்டில் தேதியோடு இருப்பதை வாயால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

2022-இல் திவால் அறிவிப்பு ஆனது. வீட்டை பேங்க் விற்றுக்கொண்டது. அடமானம் உள்ள கடனுக்கு அந்த உரிமை தனி, திவால் அதைத் தடுக்காது. செக் திரும்பிய வழக்கு இருந்தால் அதுவும் தனியாக ஓடும், எனக்கு ஒன்று ஓடியது, சமரசத்தில் முடித்தோம். கடையில் மிச்சமிருந்த சரக்கு, தராசு, ரேக் எல்லாவற்றையும் ரிசீவரின் ஆள் ஒவ்வொன்றாக எழுதினார். காலாவதியான மருந்து டப்பாக்களையும் எண்ணினார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுவிப்பு ஆகாத திவாலானவர் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், தன் நிலையைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 1920-இல் 50 ரூபாய் பெரிய தொகை, இன்றைக்கு அப்படி இல்லை. சட்டம் மாறவில்லை. ஆகவே மாசக் கணக்கில் சாமான் வாங்க மளிகைக்கடைக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். நான் கோர்ட்டுல திவாலானவன்னு...” என்று ஆரம்பித்தேன். அவர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, “தெரியாதா? உன் லிஸ்டுல நான் பதினேழாவது” என்றார். அப்புறம் பருப்பைக் கட்டிக் கொடுத்தார், கைக்காசுக்குத்தான்.

விடுவிப்பில் ஒரு எட்டணாக் கணக்கு உண்டு. நம் சொத்து கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுக்காவது வரவில்லை என்றால், அதற்கு நாம் காரணமில்லை என்று காட்டினால் ஒழிய, முழு விடுவிப்பு கிடைக்காது. ஒழுங்காகக் கணக்கு வைக்காதது, மூழ்கியது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தது, சூதாட்டம், ஊதாரித்தனம், சொத்தை மறைத்தது, இவையும் முழு விடுவிப்பைத் தடுக்கும். எனக்கு வெள்ளமும் ஊரடங்கும் கைகொடுத்தன, டிசம்பர் லோடு காலை வாரியது. கடைசியில் நிபந்தனையோடு விடுவித்தார்கள்: ஷெட்டில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதும் சம்பளத்திலிருந்து இரண்டு வருடம், மாதம் 3,000 ரூபாய் கட்ட வேண்டும். நோட்டையும் மனையையும் மறைத்திருந்தால் இந்த உத்தரவை நான் ஜெயில் கம்பிக்குப் பின்னாலிருந்து படித்திருப்பேன் என்றார் வக்கீலம்மா. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆள், இருந்தாலும். விடுவிப்பு ஆனாலும் அரசுக்குத் தர வேண்டிய பாக்கி, மோசடி செய்து வாங்கிய கடன், கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் ஆகியவை தீராது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். எமரால்டுத் தம்பியை அங்கேதான் அனுப்பினேன். அவனுக்கு ஐ.பி. தேவைப்படாது, உட்கார்ந்து பேசினால் பேங்க் தவணையை நீட்டிக் கொடுக்கும் என்றே எனக்குப் படுகிறது.

ரிசீவர் பங்கீடு செய்தபோது ரூபாய்க்கு 32 காசு வந்தது. செக் வாங்க அந்த அக்காவும் ஊட்டிக்கு வந்தார். டைப் அடித்த முப்பது பெயருக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்த 31-க்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். 12,800 ரூபாய். செக்கை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றும் பேசாமல் கூடவே நடந்தார்.

“மிச்சத்துக்குக் கோர்ட்டு என்ன சொல்லுது தம்பி?”

“ஒண்ணும் சொல்லாதுக்கா.”

“நீ என்ன சொல்றே?”

மாதம் 500 ரூபாய் என்றேன். விடுவிப்பு முடிந்த பிறகு அப்படித் தருவதில் தப்பு ஏதும் இல்லை என்று வக்கீலம்மாவிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஷெட்டுக்குப் பக்கத்துக் கடையில் போய் ஒரு குயர் நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். தையல் நோட்டு வேண்டாமாம், ஸ்பைரல் போட்டதாக இருக்கட்டும் என்றார். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.